வற்றும் ஏரியும் வலசைப் பறவையும்



வலசைப் பறவை என்றதும் நம் நினைவுக்கு வருவது மார்கழியும் தையும்தான். குடும்பத்தோடு வேடந்தாங்கல் போவது அப்போது. பொங்கலையொட்டி ஆர்வலர்கள் பறவைக் கணக்கெடுப்பதும் அப்போது. மாசி கழிந்து வெயில் ஏறியதும், சீசன் முடிந்தது என்று பைனாகுலரை உறைக்குள் போட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால், பங்குனியும் சித்திரையும்தான் பறவை பார்க்கிறவருக்கு நல்ல அறுவடைக் காலம். வந்த பறவைகள் ஊர் திரும்ப ஆயத்தமாவது அந்த நாட்களில்தான்.

சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எடுத்துக்கொள்வோம். 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம்; பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் நீர், மாசி பிறந்ததும் ஓரத்திலிருந்து பின்வாங்கத் தொடங்கும். துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் போகிறவர், "தண்ணியே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆனால் உள்ளான் என்னும் கரைப்பறவை வகைகளுக்குப் பந்தி விரிவதே, நீர் விலகி வெளிப்படும் சேற்றில்தான்.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கொசு உள்ளான் என்று ஒரு பறவை. எடை முப்பது கிராமைத் தாண்டுவது அரிது. நீர்விளிம்பில் ஓடி ஓடி, சேற்றின் மேற்பரப்பைக் கொத்திக்கொண்டே இருக்கும். அதற்குப் பக்கத்தில், கணுக்கால் முங்கும் நீரில் கருவால் மூக்கன். தன் நீண்ட அலகை அடிவரை சேற்றில் செருகும். சில நேரம் முகமே தண்ணீருக்குள் போய்விடும். புழு எங்கே இருக்கிறதென்று அது பார்ப்பதில்லை. அலகு நுனியில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன, தொட்டே கண்டுபிடித்துவிடும். இன்னும் சற்று ஆழத்தில், சிவந்த நெட்டைக் கால்களோடு நெடுங்கால் உள்ளான். காலுக்கும் அலகுக்கும் தக்கபடி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆழம். அங்குலக் கணக்கில் நீர் குறையக் குறைய, பந்தியும் இடம் மாறும்.

இந்தக் காலத்தில் அவை சட்டையும் மாற்றுகின்றன. தை மாதத்தில் பலவும் ஒரே சாம்பல் நிறம். எது எதென்று தெரியாமல் புதியவர்கள் திணறுவார்கள். பங்குனியில் பாருங்கள்: கருவால் மூக்கனின் கழுத்தும் மார்பும் செங்கல் நிறமாகியிருக்கும். மஞ்சள் வாலாட்டியின் வயிறு பளிச்சென்று மஞ்சளாகும். நீர்மேல் தாழப் பறக்கும் மீசை ஆலாவுக்குத் தலையில் கறுப்புத் தொப்பி, வயிற்றில் கரும்சாம்பல், நடுவே கன்னத்தில் வெள்ளைக் கோடு. அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது அப்போதுதான் விளங்கும்.

நிறத்தோடு உடம்பும் மாறுகிறது. நாம் பயணத்துக்குக் கட்டுச்சோறு எடுத்துப் போவதைப் போல, இவை கொழுப்பை உடம்பிலேயே கட்டிக்கொண்டு கிளம்புகின்றன. நெடுந்தொலைவு பறக்கும் சில கரைப்பறவைகளின் எடை புறப்படும் வேளையில் ஏறத்தாழ இருமடங்காகியிருக்கும். பட்டைவால் மூக்கன் போன்ற சிலவற்றுக்கு, கிளம்பும் முன் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன. பறக்கும்போது உதவாத சுமை எதற்கு?

பெரும்பாலும் இரவில் பறந்து, சூரியன், விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம் ஆகியவற்றைக் கொண்டு திசையறிந்து போகின்றன. இவை போகும் வழிக்கு மத்திய ஆசியப் பறவைப்பாதை என்று பெயர்; அது 30 நாடுகளைத் தொட்டுச் செல்கிறது. கொசு உள்ளான் போய்ச் சேரும் இடம் ஆர்க்டிக் தூந்திரம். அங்கே பனி உருகி, பூச்சிகள் மொய்க்கும் சில வாரங்களுக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தாக வேண்டும். இங்கே இரை குறைந்து கிளம்பத் தாமதமானால், அங்கே முகூர்த்தம் தவறிவிடும்.

எல்லாமே போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல இனங்களில், பிறந்து ஓராண்டுகூட ஆகாத இளம் பறவைகள் முதல் கோடையை இங்கேயே கழித்துவிடும். வைகாசி வெயிலில் சாம்பல் நிறத்தோடு ஓர் உள்ளான் நிற்கிறது என்றால், அடிபட்டுத் தங்கியது என்று எண்ண வேண்டாம். அதற்கு இன்னும் வயது வரவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் பார்க்கப் பள்ளிக்கரணைக்கே வர வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர் ஏரியோ குளமோ போதும். ஒரே கரையை வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை போங்கள். காலை வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் நிறம் தெரியாது. எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். என்ன பறவை, எத்தனை, நீர் எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது என்று நோட்டில் குறியுங்கள். பெயர் அறிய பேராசிரியர் க. ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' துணைநிற்கும். முதலில் வந்த பறவையைப் பலரும் குறிக்கிறார்கள். கடைசியாகப் பார்த்த நாளைக் குறிப்பவர் குறைவு. அதற்கு விடாமல் போய்வருகிற உள்ளூர்க்காரர்தான் வேண்டும்.

அந்தக் குறிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. கோடையில் ஏரி வற்றினால் அது வெற்றிடமாகி, கட்டட இடிபாடும் குப்பையும் வந்து விழுகின்றன. தூர்வாருகிறோம் என்று நான்கு பக்கமும் கரையைச் செங்குத்தாக வெட்டிவிடுகிறார்கள். தண்ணீர் நிற்கும், உள்ளான் நிற்க இடமிருக்காது. உங்கள் ஊர் ஏரியில் தூர்வாரும் பேச்சு எழுந்தால், ஒரு பக்கமாவது சரிவாக விடச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், காட்ட உங்கள் கையில் நோட்டு இருக்கும்.