பாலமும் படியும் தந்த பெட்ரஸ் உஸ்கான்

(யூபிலி விழாவில் ஆற்றிய உரை)



பரங்கிமலைத் திருத்தலத்துக்குப் படியேறிச் செல்கிறோம். அப்படிகளைக் கட்டித் தந்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தையும் தம் சொந்தச் செலவில் கட்டினார். அவ்விடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது அவர் பெரும்பொருள் இழந்தார். ஆயினும் 1751-இல் இறக்குமுன், பாலத்தையும் படிகளையும் பழுதுபார்க்க உயிலில் பணம் ஒதுக்கி வைத்தார். வேப்பேரியில் அடக்கமானார்.

அன்பர்களே, யூபிலிக்காக மனமுவந்து கொடுத்தோம். நாளை நம் ஆலயக் கூரை ஒழுகினால் யார் பார்ப்பது? ஆண்டுதோறும் பராமரிப்புக்கென ஒவ்வொரு குடும்பமும் இயன்றதை ஒதுக்குவோமாக.

மரியே வாழ்க!