பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?



கணவனை இழந்தோ பிரிந்தோ தனியே நின்று, பகலெல்லாம் உழைத்துப் பிழைத்து, ஒரு குழந்தையையும் வளர்த்துக்கொண்டு, அதற்கிடையே கல்லூரிப் படிப்பையும் கைவிடாத பெண்ணைப் பற்றிப் பேசப் புகுவோர், பெரும்பாலும் அவளுடைய மனோதிடத்தை வியந்து பாராட்டிவிட்டு, மேலே சொல்ல ஒன்றுமில்லாதவர்போல் நிறுத்திக்கொள்கிறார்கள். மனோதிடம் வேண்டியதுதான், ஆனால் அது குழந்தைக்குச் சோறு ஊட்டாது, காய்ச்சல் கண்ட இரவில் தொட்டிலை ஆட்டாது. அவள் வகுப்பில் அமர்ந்திருக்கும் நேரத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் அண்டை வீட்டார் முதல் கல்லூரி முதல்வர் வரை எல்லோரும் அவளிடம் கேட்கிற கேள்வி. அதற்கு விடை தேட வேண்டிய கடமை அவள் ஒருத்திக்கே உரியது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோமே, அந்த எண்ணத்தைத்தான் இன்று சற்று ஆராய விரும்புகிறேன்.

பண்டிதை ரமாபாயின் சரித்திரம் இதற்கு மிகவும் உதவும். 1858இல் பிறந்து, தீர்த்த யாத்திரையாகத் தேசமெங்கும் நடந்து புராணம் படித்து ஜீவித்த குடும்பத்தில் வளர்ந்து, பெற்ற தாயிடமே சம்ஸ்கிருதம் கற்று, பெற்றோரைப் பஞ்ச காலத்தில் பறிகொடுத்து, பின்னர் கல்கத்தாவின் வித்வான்களிடம் 'சரஸ்வதி' என்ற பட்டமும் பெற்ற அம்மையார் அவர். 1880இல் விவாகம், மறு வருஷம் மனோரமா என்ற பெண் குழந்தை, அதற்கடுத்த வருஷம் கணவர் வாந்திபேதியில் மறைந்தார். வைத்தியம் படிக்க வேண்டும் என்ற ஆவலால், மராத்தியில் தாம் எழுதிய 'ஸ்திரீ தர்ம நீதி' என்ற நூல் விற்ற பணத்தைக் கப்பற் கட்டணமாக்கி, நடை பழகிய குழந்தையோடு 1883இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். காது மந்தமாயிருந்ததால் வைத்தியப் படிப்பு கைகூடவில்லை. ஆனாலும் சோர்ந்துவிடாமல் செல்ட்னம் நகரத்துப் பெண்கள் கல்லூரியில் சேர்ந்து, கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் கற்றுக்கொண்டே, அதே கல்லூரியில் சம்ஸ்கிருதம் போதிக்கும் ஆசிரியையாகவும் இருந்தார். மாணவி, ஆசிரியை, தாய் ஆகிய மூன்றும் ஒருவரே! அவர் ஆண்களுக்குப் பாடம் சொல்லலாகாது என்று இந்தியாவிலிருந்த பிஷப்புகள் ஆட்சேபித்தார்களாம். அறிவுக்குத் தடை போடுகிற விஷயத்தில் கீழ்நாடு மேல்நாடு என்ற பேதம் கிடையாது போலும்.

அந்நாட்களில் மனோரமாவைப் பார்த்துக்கொண்டவர்கள் வாண்டேஜ் என்ற ஊரில் இருந்த கன்னிமார் மடத்துச் சகோதரிகள். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர்; குழந்தையை அருமையாகவே வளர்த்தார்கள். எனினும், வளர்த்த கைக்கு ஓர் உரிமை தானே வந்து ஒட்டிக்கொள்ளுகிறது. ரமாபாயும் மகளும் அங்கே கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியிருந்தபோதிலும், அச்சகோதரிகளின் திருச்சபை சொன்ன கோட்பாடுகள் அனைத்தையும் ஏற்றுக்கொள்ள ரமாபாயின் சுதந்தர புத்தி இடந்தரவில்லை. குழந்தைக்கு எந்தச் சமயக் கல்வியை எவ்வளவு புகட்டுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவள் தாயா, வளர்ப்பவர்களா என்ற விவாதம் அவர்களுக்குள் கடிதம் கடிதமாக நீண்டது. அக்கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறியிருக்கின்றன. அவற்றைப் படிக்கையில் எனக்கு ரமாபாயின் கல்வியைவிட அவருடைய தர்மசங்கடமே பெரிதாகத் தோன்றுகிறது. உபகாரமாகப் பெற்ற உதவிக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை பணமாக இருப்பதில்லை. 1889இல் பம்பாயில் சாரதா சதனத்தைத் தொடங்கி, விதவைப் பெண்கள் தங்கிப் படிக்க வழி செய்தவர், உதவி பெறுவோர் மனத்தை உள்ளிருந்தே அறிந்தவர் என்பதை மறக்கலாகாது.

இனி நம் சென்னைக்கு வருவோம். 1919இல் இங்கே ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த அய்யலசோமயாஜுல லலிதா, பதினைந்து வயதில் விவாகமாகி, பதினெட்டு வயதில், பெண் குழந்தைக்கு நான்கு மாதமே ஆகியிருந்த நிலையில் விதவையானார். வைத்தியம் படிக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, நள்ளிரவில் அழைப்பு வந்தால் குழந்தையை விட்டுப் போக நேருமே என்று கருதி அதை ஒதுக்கி, நேரம் வரையறுத்த உத்தியோகமாயிருக்கும் என்று எஞ்சினீயரிங்கைத் தேர்ந்தெடுத்தாராம். இந்தியாவின் முதல் பெண் எஞ்சினீயர்களுள் ஒருவர் உருவானதற்கு மூலகாரணம் ஒரு கைக்குழந்தையின் தூக்கம்! அவர் தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் மின்சாரத் துறைப் பேராசிரியர். அவருடைய முயற்சியாலும், கல்லூரி முதல்வர் சாக்கோவின் சம்மதத்தாலும், ஆண்களே பயின்றுவந்த அக்கல்லூரியில் 1940இல் லலிதா சேர்க்கப்பட்டார். விடுதியில் தங்கிப் படித்து, குழந்தையை உறவினர் பராமரிக்க, வார இறுதிகளில் போய்ப் பார்த்துவந்தார். பிற்காலத்தில் கல்கத்தாவில் உத்தியோகம் பார்த்தபோது பக்ரா நங்கல் அணைக்கான மின்சாரப் பணிகளிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

பேராசிரியரைத் தந்தையாகப் பெறும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஜவுளிக்கடையில் பில் போட்டுவிட்டு, கால் கடுக்க மாலைக் கல்லூரிக்கு விரையும் ஓர் இளந்தாயை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு அம்மை போட்டால் இரண்டு வாரம் வகுப்புப் போயிற்று. வருகை நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் கீழே இறங்கிற்று. பரீட்சை எழுத வேண்டுமானால் வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டு என்கிறார்கள். குழந்தைக்கு நோய் வந்ததற்குத் தாய் அபராதம் செலுத்துகிறாள் என்பதல்லாமல் இதற்கு வேறென்ன பொருள்?

தபாலில் படிக்கலாமே என்பார்கள். மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ பெண்கள் அவ்வழியே பட்டம் பெற்றிருக்கிறார்கள். அந்த உபகாரத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆயினும் ரசாயனச் சோதனையைத் தபாலில் செய்ய முடியாது. அன்றியும், பிள்ளை பெற்றவள் வீட்டிலேயே இருந்து படிக்கட்டும் என்று சொல்வதில், பழைய கட்டளை ஒன்று புதிய உடையில் வருகிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

பிரசவகால உதவிச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம், ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. அந்த ஐம்பது பேரில் ஊழியர்களைத்தான் எண்ணுவார்கள். ஆயிரம் மாணவியர் படித்தாலும் அவர்கள் கணக்கில் வருவதில்லை. மாணவியருக்கு மகப்பேறு விடுப்பும் வருகைச் சலுகையும் வழங்க விதி செய்யுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் துணைவேந்தர்களைக் கேட்டுக்கொண்டது நல்ல காரியம். ஆனால் குழந்தை பிறந்த சில மாதங்களில் தாய்மை முடிந்துவிடுவதில்லை. அங்கன்வாடிகளோ, மாலை வகுப்பு தொடங்குமுன்னரே கதவடைத்துவிடுகின்றன.

நேயர்களுள் கல்லூரி நிர்வாகக் குழுக்களில் அங்கம் வகிப்போர் சிலரேனும் இருக்கலாம். அவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்தில் ஓர் அறையைக் கேளுங்கள்; அதற்கு இரண்டு ஆயாக்களைக் கேளுங்கள்; மாலை வகுப்பு முடியும் வரை அது திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். தர்மமாக அன்று, நூலகத்தைப் போலக் கல்லூரியின் ஓர் அங்கமாக. செலவு என்னவாகும் என்று யாராவது கேட்பார்கள். இரு சக்கர வாகனங்களுக்கு நிழற்கூரை போட்ட செலவுக் கணக்கைக் கையோடு எடுத்துப் போங்கள்.