ஒலியும் ஒழுங்கும்



பத்தாண்டு கண்ட நம் வட்டம் தேங்காய்த்திட்டில் கூடியுள்ள இவ்வேளையில், ஒலிபெருக்கியைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

1969 சனவரி 30 அன்று, இலண்டனில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் பீட்டில்ஸ் குழுவினர் ராக் இசை முழங்கினர். ஓசை மிகுந்ததென்று சிலர் முறையிட்டனர், காவலர் வந்தனர், சுமார் நாற்பது நிமிடங்களில் இசை ஓய்ந்தது. இசையன்பர்கள் இன்றும் காவலரைக் குறை கூறுவர். அவ்விசையை விரும்பும் நானோ, முறையிட்டவர் பக்கமே நிற்கின்றேன்.

நம் நாட்டில் தேர்தல் வந்தால் தெருவெங்கும் முழக்கம். 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கிய டி.என். சேஷன் நடத்தை விதிகளைக் கண்டிப்புடன் செயற்படுத்தினார். 2000இல் வந்த ஒலி மாசு விதிகள், பொதுவிடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுத்தன. 2005இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது.

விதியை வரவேற்கின்றேன், ஆயினும் நாணுகின்றேன். நோயாளி உறங்கும் தெருவில் குரலைத் தாழ்த்துவது எழுதப்படாத வழக்காக இருந்தது. பண்பு தளர்ந்த இடத்தில் அரசு புகுகின்றது. புகுந்த அரசு எளிதில் வெளியேறுவதில்லை.

தேர்தல் பாட்டெழுதிய கவிஞர் நம்மிடையே உளர், யானும் ஒருவன். அப்பாடல்களுள் ஒன்றேனும் ஒலிபெருக்கியின்றி நிற்குமா? என்னுடையவை நில்லா. கருவி ஓய்ந்த பின்னும் நிற்கும் சொல்லை எழுதுவோம். நம்மை நாமே ஆள்வோம்.

இதோ, இவ்வொலிவாங்கியை அணைக்கின்றேன். கடைசி வரிசையினர் என் நன்றியைக் கேட்டிருப்பீர்கள் என நம்புகின்றேன்.