முதலில் பிள்ளை, பிறகு பஞ்சாயத்து

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி சிலிம் ரிவரில் நடைபெற்ற குடும்பநலக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





எனக்கு முன்னால் பேசியவர்கள் இந்தச் சங்கம் கடந்து வந்த ஐம்பது ஆண்டுகளைப் பற்றிப் பேசினார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு விழா மேடையில் பேசுகிற தலைப்பு அல்ல. வீட்டுக்குள் நடக்கும் அடிதடியில் சிக்கிய பிள்ளைகளை எப்படிக் காப்பது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஆலிம் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. பக்கத்து ஊர் பேராங் பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா படித்துவிட்டு மளிகைக் கடையில் உட்கார்ந்தவன். ஆனால் மளிகைக் கடைக்காரனுக்குத் தெரிகிற அளவுக்கு ஓர் ஊரின் வீடுகள் வேறு யாருக்கும் தெரியாது. கடன் எழுதும் 555 புத்தகத்தைப் புரட்டினாலே போதும். எந்த வீட்டில் சம்பளம் வந்து மூன்று நாளில் காசு தீர்கிறது, எந்த வீட்டு அம்மா ஒரு வாரமாகக் கடைப்பக்கம் வரவில்லை, அவருக்குப் பதிலாக எந்தப் பிள்ளை சீட்டு கொண்டு வருகிறது, எல்லாம் அதில் இருக்கும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஊரையும் பேரையும் சொல்ல மாட்டேன், தேடவும் வேண்டாம். நான்காம் வகுப்பு. சம்பள நாள் இரவுகளில் மட்டும் சாமான் வாங்கிய பிறகும் போக மாட்டான். வெங்காயக் கூடையை ஒழுங்குபடுத்துவான், முட்டைத் தட்டை எண்ணுவான். "மாமா, கடை சாத்துற வரைக்கும் இருக்கவா?" என்பான். அவன் மேல் ஓர் அடி விழுந்ததாக யாரும் பார்த்ததில்லை. அடி விழுந்ததெல்லாம் அவன் அம்மாவுக்கு. அதனால்தான் அந்த ஊர்ப் பெரியவர்கள் மூன்று முறை பஞ்சாயத்துப் பேசியும் ஒருவர் வாயிலும் அந்தப் பையனின் பெயர் வரவில்லை. "அத்தா பிள்ளைகள்மேல் உயிர்" என்று சொல்லிச் சேர்த்து வைத்து அனுப்பினார்கள். நான்காவது முறை அந்த அம்மா மணிக்கட்டு முறிந்து மருத்துவமனைக்குப் போனார். பிறகு என்ன ஆனது என்பதற்கு வருகிறேன்.

நம் பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசுவதற்கு மார்க்கத்திலேயே இடம் இருக்கிறது. கணவன் பக்கம் ஒருவர், மனைவி பக்கம் ஒருவர் என்று நடுவர்களை வைத்துப் பேசுங்கள் என்று சூரத்துன்னிஸாவில் வருவதை இங்குள்ள பலரும் அறிவார்கள். நம் ஷரீஆ நீதிமன்றங்களிலும் ஹகம் என்ற பெயரில் அந்த முறை இருக்கிறது. அதைக் குறை சொல்ல நான் யார்? என் கருத்து இவ்வளவுதான். அது பிணக்குக்கு மருந்து. எலும்பு முறிகிற வீட்டுக்கு அது முதல் மருந்து அல்ல. நான் படித்த படிப்பிலிருந்து சொல்கிறேன்: ஒருவனுக்கு ஷாக் அடிக்கும்போது எந்த வயர் பழுது, யார் மாட்டினார்கள் என்று விசாரிப்பவன் வயர்மேன் இல்லை. முதலில் மெயினை இறக்குவான். பழுதைப் பிறகு நிதானமாகத் தேடலாம்.

அந்த மெயின் சுவிட்சு நம் நாட்டில் இருக்கிறது. இருப்பது நமக்குத் தெரியவில்லை, அல்லது அது நமக்கானது இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். "நாம் முஸ்லிம்கள், நமக்குக் காதி இருக்கிறார், இந்தச் சட்டமெல்லாம் மற்றவர்களுக்கு" என்று என் கடையில் நின்றே சொன்னவர்கள் உண்டு. இது தவறு. குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நடப்புக்கு வந்தது 1996-இல். குடும்ப விவகாரம் என்றால் ஷரீஆ நீதிமன்றத்தின் அதிகாரம் ஆயிற்றே, முஸ்லிம்களுக்கு இது பொருந்துமா என்று அப்போதே பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் அதைக் குற்றவியல் சட்டத்தோடு இணைத்து, மதம் பாராமல் எல்லாருக்கும் பொருந்தும்படி செய்தார்கள். தலாக், ஃபஸ்கு, ஹளானத் எல்லாம் ஷரீஆ நீதிமன்றத்தில்தான். அடிப்பது குற்றம். அதற்குக் காவல் நிலையமும் மாஜிஸ்திரேட்டும் நமக்கும் உண்டு. அந்தச் சட்டம் மனைவியை மட்டுமல்ல, முன்னாள் மனைவியையும் பிள்ளையையும் வீட்டிலுள்ள மற்றவர்களையும் காக்கிறது.

2017-இல் அதைத் திருத்தி அவசரப் பாதுகாப்பு ஆணை என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். இதை ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நாம் வாயில் கெபாஜிக்கான் என்று சொல்லும் சமூக நலத்துறை இருக்கிறதே, அதன் அதிகாரம் பெற்ற அதிகாரியே இந்த ஆணையைப் பிறப்பிக்கலாம். நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். போலீசில் புகார் எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஏழு நாள் செல்லும். பாதிக்கப்பட்டவரும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தை நெருங்கக்கூடாது என்று அடிப்பவரைத் தடுக்கலாம். அந்த ஏழு நாளில் போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, விசாரணை முடியும்வரை மாஜிஸ்திரேட் தரும் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை என்று அடுத்தடுத்த வேலைகளைப் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் வழக்கம் என்ன? இரவு பதினொரு மணிக்கு அம்மாவும் பிள்ளைகளும் பையோடு அக்கா வீட்டுக்குப் போவார்கள். அடித்தவர் வீட்டில் தூங்குவார். மறுநாள் பள்ளிக்கூடம் போகாதது பிள்ளைகள்.

பிள்ளைகளுக்கென்று தனிச்சட்டம் வந்ததற்கு ஒரு கதை இருக்கிறது, அது நம் தமிழ் பேசும் சமூகத்தில் தொடங்கியது. 1990-இல் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் அடிகாயங்களோடு ஒரு குழந்தை இறந்தது. இரண்டு வயதைத் தாண்டிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தமிழ்ப் பெயர் கொண்ட குழந்தை. நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே சிறார் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு அதையும் வேறு இரண்டு சட்டங்களையும் ஒன்றாக்கியதுதான் 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம். 2016-இல் அதைத் திருத்தி, பிள்ளையைக் கொடுமைப்படுத்துவோருக்கு 50,000 வெள்ளிவரை அபராதம், 20 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும் என்று கடுமையாக்கினார்கள்.

அந்தச் சட்டத்தில் என் மனதில் நின்றது தண்டனை அல்ல, இன்னொரு பகுதி. காப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளை யார் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. உடம்பில் காயம் பட்ட பிள்ளை மட்டும் அல்ல, மனம் காயப்பட்ட பிள்ளையும்தான். மனக்காயத்துக்கு என்ன அடையாளம் என்றும் எழுதியிருக்கிறார்கள்: பதற்றம், மனச்சோர்வு, ஒதுங்கிப் போவது, முரட்டுத்தனம், வளர்ச்சி பின்தங்குவது. இதைப் படித்தபோது வெங்காயக் கூடையை அடுக்கிய பையன்தான் கண்முன் வந்தான். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 1990-களில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்டு ஆய்வு செய்தார்கள். சிறுவயதில் பட்ட துன்பங்களின் பட்டியலில், தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்ந்ததையும் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். அப்படிப்பட்ட துன்பங்கள் கூடக்கூட, வளர்ந்த பிறகு இருதய நோயும் மனச்சோர்வும் போதைப்பழக்கமும் கூடுவதைக் கண்டார்கள். "அவன் சின்னப் பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும்" என்று நாம் சொல்வது சரியல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவனுக்கு எல்லாம் தெரியும்.

இனி அந்த அம்மாவின் கதைக்கு வருகிறேன். மருத்துவமனையில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றார். கணவர் பக்கத்தில் நின்றார். டாக்டர் கணவரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியறையில் மறுபடி கேட்டார். அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிய ஏற்பாடு அது. மருத்துவரும் போலீசும் சமூகநல அதிகாரியும் அவள் இருக்கும் இடத்துக்கு வருவார்கள், அவள் ஒவ்வொரு கவுண்டராக அலைய வேண்டியதில்லை. டாக்டர் கேட்ட முக்கியமான கேள்வி, "வீட்டில் பிள்ளைகள் யாரோடு இருக்கிறார்கள்?" என்பது. அந்த அம்மா அப்போதுதான் அழுதார்.

சமூகநல அதிகாரி வந்தார். இந்த இடத்தில்தான் நம்மவர்களுக்குப் பெரிய பயம். "கெபாஜிக்கான் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஹோமில் போட்டுவிடுவான்." உண்மை நடைமுறை வேறு. சட்டப்படி பெலிண்டுங் என்ற பாதுகாவலர் அதிகாரியோ போலீஸ் அதிகாரியோ ஆபத்திலிருக்கும் பிள்ளையைத் தற்காலிகமாகத் தம் பொறுப்பில் எடுக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும். நீதிமன்றம் அதிகாரியின் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யும். பெற்றோரிடமே நிபந்தனையோடு ஒப்படைக்கலாம், தகுதியுள்ள வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், இல்லம் என்பது அவற்றோடு சேர்ந்த இன்னொரு வழி. அந்தப் பையன் சில மாதம் நன்னி வீட்டில் இருந்தான். இப்போது அம்மாவோடு இருக்கிறான். அத்தா வழக்கைச் சந்தித்தார். பிள்ளையைப் பார்க்கவும் வருகிறார், ஆனால் இன்னொருவர் உடன் இருக்கும்போது.

தகுதியுள்ள ஒருவர் என்று சொன்னேன் அல்லவா, அது யார்? நீங்களும் நானும்தான். நன்னி, மாமி, பெரியத்தா முன்வராவிட்டால்தான் இல்லம். "நமக்கெதுக்கு வம்பு, அவன் முகத்தில் நாளைக்கு எப்படி முழிப்பது" என்று சொந்தம் எல்லாம் ஒதுங்கிவிட்டு, பிறகு நம் பிள்ளை எங்கேயோ வளர்கிறது என்று அங்கலாய்ப்பதில் நியாயம் இல்லை. இன்னொன்றும் உண்டு: குடும்பத்தில் ஒரு பிள்ளை இப்படிப் பாதிக்கப்படுகிறது என்று நம்பக் காரணம் இருந்தும் குடும்பத்தார் சமூகநல அதிகாரியிடம் சொல்லாமல் இருப்பது இந்தச் சட்டப்படி குற்றம். மருத்துவருக்கும் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் நடத்துபவருக்கும் அதே கடமை உண்டு.

நம் சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்கள். நம் வீடுகளில் எத்தனை பேர்! மலாய் தெரியாது. விசாவைப் புதுப்பிக்கக் கணவர் கையெழுத்து வேண்டும். பாஸ்போர்ட் அவர் அலமாரியில். "வெளியே சொன்னால் உன்னை ஊருக்கு அனுப்பிடுவேன், பிள்ளைகள் இங்கேதான்" என்ற ஒரு வார்த்தை போதும், அந்தப் பெண் வாயைத் திறக்க மாட்டாள். அவளுக்குத் தெரிய வேண்டியது: பாதுகாப்பு ஆணை கேட்பதற்கு அவள் இந்நாட்டுக் குடிமகளாக இருக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றின் நகலை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைப்பது நல்லது. ஹளானத் விஷயத்தில், நம் பேராக் மாநில இஸ்லாமியக் குடும்பச் சட்டப்படி சிறு பிள்ளைகளை வளர்க்கும் முதல் உரிமை பொதுவாகத் தாய்க்கு: ஆண்பிள்ளைக்கு 7 வயதுவரை, பெண்பிள்ளைக்கு 9 வயதுவரை, நீதிமன்றம் அதை நீட்டிக்கவும் செய்யலாம். அவரை மிரட்டுகிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, வீட்டில் சண்டை வராமல் இருக்க மனைவிமார் டோரேமான் குரலில் கொஞ்சிப் பேசலாம் என்று அரசுத் தரப்பிலேயே ஒரு சுவரொட்டி வந்தது நினைவிருக்கிறதா? சிரிப்பாய்ச் சிரித்தது நாடு, பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் மகளுக்குச் சொல்லும் புத்தி அதிலிருந்து எவ்வளவு தூரம்? குரலை மட்டும்தான் மாற்றச் சொல்லவில்லை.

பிள்ளை நம்மிடம் ஏதாவது சொன்னால் கேளுங்கள். குறுக்குக் கேள்வி வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம், ஏனென்றால் சொல்லத்தான் வேண்டியிருக்கும். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்றால் போதும். அதே கதையைப் பள்ளியில், சங்கத்தில், மாமாவிடம், மாமியிடம் என்று ஐந்து முறை ஒப்பிக்க வைக்காதீர்கள். விசாரிப்பது அதற்குப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. காயத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும், பத்து வருடம் கழித்து அந்தப் பெண்பிள்ளைக்கு வரன் பார்க்கும் ஊரும் இதே ஊர்தானே.

அடிப்பவர்களும் நம் ஆட்கள்தான், கடையில் சிரித்துப் பேசுபவர்கள்தான். அவர்களிடம் பேசும் வேலை உலமாக்களுடையது. தமக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்னவரைப் பார்த்து நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இரக்கம் காட்டாதவர் இரக்கம் பெறமாட்டார் என்ற கருத்தில் சொன்ன ஹதீஸை ஜும்ஆ மேடையில் அடிக்கடி கேட்க ஆசைப்படுகிறேன்.

செயற்குழுவிடம் மூன்று வேண்டுகோள் வைத்திருக்கிறேன், தலைவரும் பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடி உதை என்று வரும் எந்த வழக்கிலும், பிள்ளைகள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று பார்த்து, தேவையானால் அதிகாரிகளிடம் சொன்ன பிறகே சங்கம் சமரசம் பேச வேண்டும். மலாயும் தமிழும் நன்றாகப் பேசும் பெண்கள் இரண்டு பேரையாவது, மருத்துவமனைக்கோ காவல் நிலையத்துக்கோ கூடப் போவதற்கென்று ஏற்படுத்த வேண்டும். அவர்களின் டாக்சிச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். மூன்றாவதாக, தாலியான் காசிஹ் எண் 15999-ஐயும் அதன் வாட்ஸ்அப் எண் 019-2615999-ஐயும் தமிழில் எழுதிப் பெண்கள் தொழும் பகுதியில் ஒட்ட வேண்டும். 24 மணி நேரமும் எடுப்பார்கள். அடி நடந்துகொண்டிருக்கும்போது என்றால் 999.

நம் மாவட்டத்துக்கு 2016-இல் வைத்த பெயர் முஅல்லிம். ஆசிரியர் என்று பொருள். பள்ளி ஆசிரியர்கள் இங்கே சிலர் வந்திருக்கிறீர்கள். வகுப்பில் திடீரென்று மௌனமாகிவிட்ட பிள்ளையை எங்களுக்கு முன்னால் பார்ப்பது நீங்கள்தான். கூடப் போவதற்குப் பெயர் கொடுக்க விரும்பும் சகோதரிகள் சாப்பாட்டுக்குப் பிறகு மகளிர் பகுதியில் ஒரு நோட்டு இருக்கும், அதில் எழுதுங்கள். 555 புத்தகம்தான், என் கடையிலிருந்து கொண்டுவந்தது.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.