மாநாட்டுக்கு எந்த ஊர்?



பன்னாட்டு மாநாட்டுக்கு இடம் தேடுகிறவர்கள் மண்டபத்தைப் பார்ப்பார்கள், ஓட்டல் அறைகளை எண்ணுவார்கள், நேரடி விமானம் உண்டா என்று விசாரிப்பார்கள். அந்த நாட்டு விசா யாருக்கெல்லாம் கிடைக்கும் என்ற கேள்வி வருவதற்குள் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிடும்.

எய்ட்ஸ் மாநாடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. தொற்று உள்ள வெளிநாட்டவர் உள்ளே வரக் கூடாது என்று 1987-இல் அமெரிக்கா தடை போட்டது. 1989-இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சுகாதார மாநாடு ஒன்றுக்குப் புறப்பட்டார். வழியில், மினசோட்டா விமான நிலையத்தில் அவர் பெட்டியைச் சோதித்தவர்கள் கண்ணில் ஏ.இசட்.டி. மருந்து பட்டது. எய்ட்ஸுக்குத் தரும் மருந்து அது. மனிதரைச் சில நாள் காவலில் வைத்துவிட்டார்கள். மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் உலக எய்ட்ஸ் மாநாடு கூடியபோது பல அமைப்புகள் புறக்கணித்தன. 1992 மாநாடு பாஸ்டனில் நடந்திருக்க வேண்டும். தடை நீங்காததால் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது. 2010-இல் தடை விலகிய பிறகுதான், 2012-இல் வாஷிங்டனில் அந்த மாநாட்டை நடத்த முடிந்தது.

சட்டத்தில் தடை இல்லாவிட்டாலும் கதவு திறந்துவிடுவதில்லை. 2022 மாநாடு கனடாவின் மாண்ட்ரியலில். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். அங்கிருந்து விண்ணப்பித்த பலருக்கு விசா மறுக்கப்பட்டது, இன்னும் பலருக்குப் பதிலே வரவில்லை. ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் தலைவர், உகாண்டாவைச் சேர்ந்த வின்னி பியானிமாவையே ஜெனிவா விமான நிலையத்தில் ஆவணங்களைத் திரும்பத் திரும்பச் சோதித்துக் கடைசியாகத்தான் விமானத்தில் ஏற்றினார்கள். அவருக்கே அப்படி என்றால் கிராமத்துச் செவிலியர் கதி என்ன?

இணையவழியில் கலந்துகொள்ளலாமே என்பார்கள். உரையைக் கேட்கலாம், சரி. தேநீர் இடைவேளையில் பேராசிரியரைப் பிடித்துப் பேசி ஒரு வாய்ப்பை வாங்குவது திரையில் நடக்கிற காரியமா?

விசா கிடைப்பதில்லை என்ற புகார் செயற்கை நுண்ணறிவுத் துறையிலும் எழுந்தது. அத்துறையின் ஐ.சி.எல்.ஆர். மாநாடு 2023-இல் ருவாண்டாவின் கிகாலியில் நடந்தது. எந்த நாட்டவரும் அங்கே போய் இறங்கிய பின் விசா வாங்கிக்கொள்ளலாம்.

மாநாடு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அழைப்புக் கடிதத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஆனால் 90 யூரோ கட்டணம், மறுத்தாலும் திரும்பி வராது. போகிறவர்களே, விசா கிடைக்காவிட்டால் பதிவுக் கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.