எந்த ஆண்டு வண்டி?



ஹைதராபாத்தில் ஓடும் காரின் வயதை நம்பர் பிளேட்டின் முதல் இரண்டு எழுத்தே ஓரளவு சொல்லிவிடும். ஏ.பி. என்றிருந்தால் பெரும்பாலும் தெலங்கானா பிறப்பதற்கு முன், அதாவது 2014 ஜூனுக்கு முன் பதிவான வண்டி. டி.எஸ். என்றால் அதற்குப் பிறகு. டி.ஜி. என்றால் 2024 மார்ச்சுக்குப் பிறகு. ஆனால் எழுத்து சொல்வது பதிவான காலத்தை மட்டுமே. டெல்லியில் 2015-இல் விற்ற ஆடி ஒன்றை 2024 கடைசியில் இங்கே கொண்டுவந்து மறுபதிவு செய்தால் அதற்கும் டி.ஜி. எண்தான் கிடைக்கும். பளபளவென்று பாலிஷ் போட்டு ஜூபிலி ஹில்ஸ் கடையொன்றில் நிறுத்திவிட்டால், பார்ப்பவருக்கு அது புது வண்டியாகவே தெரியும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதமும் ஆண்டும். விற்காமல் தேங்கி நின்ற வண்டியைத் தள்ளுபடியில் கொடுத்து, அடுத்த ஆண்டில் பதிவு செய்திருப்பார்கள். விற்பவர் பதிவு ஆண்டைச் சொல்வார். வாங்குபவர் தயாரிப்பு ஆண்டுக்குத்தான் விலை பேச வேண்டும்.

கச்சிபௌலி, மாதாப்பூர் பக்கம் கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். புது இன்னோவா வாங்கும் பணத்தில் பழைய பென்ஸ் கிடைக்கிறதே என்ற ஆசை அவர்களில் பலருக்கு வருவது இயல்புதான். பென்ஸா, பி.எம்.டபிள்யூ.வா என்று வாரக்கணக்கில் விவாதிப்பார்கள். உண்மையில் அந்தக் கேள்வி இரண்டாம்பட்சம். ஒரே பெயரில், ஒரே உருவத்தில் இருக்கும் இரண்டு கார்களில் ஒன்று பத்து ஆண்டு உழைக்கும், இன்னொன்று எஞ்சினையே இறக்க வைக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆண்டுதான் வித்தியாசமாக இருக்கும்.

பி.எம்.டபிள்யூ.வின் இரண்டு லிட்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 2007-இல் வந்த என்-47 என்ற எஞ்சின் 320டி, 520டி ஆகிய கார்களில் இருந்தது. இந்தியாவில் விற்ற இந்தக் கார்களில் பெரும்பாலானவை செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007-இல் தொடங்கிய ஆலையில் பொருத்தப்பட்டவை. எஞ்சின் இழுவையில் சோடை போகாது, டீசலும் குறைவாகவே குடிக்கும். குறை வேறிடத்தில் இருந்தது. டைமிங் செயினை எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்திருந்தார்கள். அந்தச் செயின் தேய்ந்து தளரும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் பாழ். முன்பக்கம் இருந்தால் எளிதாக மாற்றலாம். பின்பக்கம் என்பதால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்காமல் கை வைக்க முடியாது, கூலியே கண்ணைக் கட்டும். பிரிட்டனில் இதைப் பற்றி எழுந்த புகார்களுக்குக் கணக்கில்லை. 2014 வாக்கில் பி-47 என்ற புது எஞ்சின் அந்த இடத்துக்கு வந்தது. செயின் அதிலும் பின்பக்கம்தான். ஆனால் பழைய எஞ்சின் அளவுக்குக் கெட்ட பெயர் எடுக்கவில்லை. 2014, 2015-இல் பதிவான வண்டியில் இரண்டில் எதுவும் இருக்கலாம். சாசி எண்ணை சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் எது என்று சொல்லிவிடுவார்கள்.

பென்ஸிலும் இப்படி ஒரு கதை உண்டு. 2002-இல் வந்த இ-கிளாஸில் மின்னணு பிரேக்கை நிறுவனம் பெருமையாகப் புகுத்தியது. மிதியை அழுத்தினால் கணினி வழியாகச் சக்கரத்துக்கு உத்தரவு போகும். அதில் கோளாறு தெரிந்து, 2004 மே மாதம் உலகெங்கும் 6,80,000 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2005 மார்ச்சில், பிரேக்கோடு வேறு மின் கோளாறுகளுக்குமாக 13 லட்சம் கார்களை. 2006-இல் அதே இ-கிளாஸைப் புதுப்பித்தபோது அந்த பிரேக்கையே தூக்கிவிட்டு, பழைய ஹைட்ராலிக் முறைக்குத் திரும்பினார்கள். பழங்கால அழகுக்காக அந்த உருவத்தைத் தேடுபவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் 2006-க்கு முந்தையதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஆடி டீசல் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆடியின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வேகனில் 2015-இல் வெடித்த புகை மோசடி இந்தியாவையும் தொட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், இ.ஏ.-189 எஞ்சின் பொருத்திய சுமார் 3,23,700 கார்களை மென்பொருள் மாற்றத்துக்காக இங்கே திரும்ப அழைத்தார்கள். அவற்றில் ஏறக்குறைய 36,500 ஆடி கார்கள். அந்த மென்பொருள் மாற்றம் நடந்ததா என்பதற்குச் சான்று வேண்டும். ஏ-4, ஏ-6 கார்களில் முன்பு இருந்த மல்டிட்ரானிக் கியர்பாக்ஸும் தொந்தரவுக்குப் பெயர் போனது. ஏ-6 காரில் அது 2015-இல் விலகி, எஸ்-ட்ரானிக் வந்தது.

முதல் தோசை கல்லில் ஒட்டுவது வழக்கம். புது வடிவம் வரும் முதல் ஆண்டுக் காரும் அப்படித்தான். மூன்று, நான்கு ஆண்டுகளில் குறைகள் தெரிந்து, உதிரிகள் சத்தமில்லாமல் மாறியிருக்கும். ஒரு வடிவம் விடைபெறும் கடைசி இரண்டு ஆண்டு வண்டிகள்தான் பழைய கார் சந்தையில் நல்ல சரக்கு. புது வடிவம் வந்துவிட்டதால் அவற்றின் விலையும் இறங்கியிருக்கும். எஃப்-30 எனப்படும் 3 சீரிஸில் 2017, 2018-ஆம் ஆண்டு வண்டிகளும், 2017-இல் வந்த நீளமான இ-கிளாஸில் 2022, 2023-ஆம் ஆண்டு வண்டிகளும் இந்த வகை. மெக்கானிக் தொல்லையே வேண்டாம் என்பவருக்கு லெக்ஸஸ் இ.எஸ். 300-ஹெச் இருக்கிறது, 2020-இல் கர்நாடகத்தின் பிடதியிலேயே தயாராகத் தொடங்கியது. ஓட்டுவதில் ஜெர்மன் காரின் துள்ளல் இருக்காது, அவ்வளவுதான்.

அரசு விதி மாறிய ஆண்டுகளையும் மறக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தது. அதன்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி கட்டாயமாக இருக்கும். சொகுசு டீசல்கள் பலவற்றில் அது முன்பே வந்துவிட்டது. வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் கரி எரியும். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஐந்து கிலோமீட்டர் நெரிசலில் ஊர்பவருக்கு டீசல் சரிப்படாது. வாங்கித்தான் ஆவேன் என்றால், 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலையில் அடிக்கடி ஒரு நீண்ட ஓட்டம் விட வேண்டியிருக்கும். பெட்ரோல் வண்டிக்கு 2023 ஏப்ரல் ஒரு எல்லைக்கோடு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள் அதற்குத் தக்கவை. முந்தையது என்றால் நிறுவனத்தின் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

டெல்லி வண்டிகளுக்கு வருவோம். பத்து ஆண்டு தாண்டிய டீசலும் பதினைந்து ஆண்டு தாண்டிய பெட்ரோலும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்பதை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்றது. இந்த இழுபறியில் நல்ல கார்கள் பல அடிமாட்டு விலைக்குத் தெற்கே வந்தன. விலையைப் பார்த்து மயங்குபவர் மறப்பது தெலங்கானாவின் ஆயுள் வரியை. வெளிமாநில வண்டியை இங்கே பதிவு செய்யும்போது அதன் விலை, வயது இரண்டையும் வைத்து வரி கணக்கிடுவார்கள். சொகுசுக் காருக்கு அது லட்சங்களில் போய் நிற்கும்.

இந்த ஊருக்கே உரிய ஓர் ஆண்டும் உண்டு: 2020. அக்டோபர் 13-ஆம் தேதி கொட்டிய மழை பேகம்பேட்டையில் ஏறக்குறைய 19 சென்டிமீட்டர். ஃபலக்நுமாவிலும் டோலிச்சௌக்கியிலும் தெருக்கள் ஆறாகி, கார்கள் மிதந்தன. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நடந்ததும் இதுதான். மூழ்கிய கார்களை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலம் விடும். அவை கழுவித் துடைத்து வேறு ஊரில் தலைகாட்டும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக்கறை தெரியலாம். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். சொகுசுக் காரில் தரைவிரிப்புக்குக் கீழேயே மின்னணுப் பெட்டிகள் இருப்பதால், ஒரு முறை தண்ணீர் புகுந்தால் பல ஆண்டு கழித்தும் அது வேலையைக் காட்டும்.

குறைந்த கிலோமீட்டர் என்ற மயக்கமும் வேண்டாம். சௌமஹல்லா அரண்மனையில் நிஜாமின் மஞ்சள் நிற ரோல்ஸ்ராய்ஸ் நிற்கிறது. நூறு ஆண்டு தாண்டிய அந்தக் கார் மொத்தமாக ஓடியது சில நூறு மைல்கள்தான். அருங்காட்சியகத்துக்கு அது பெருமை. ஓட்டுவதற்கு வாங்கும் காரில், நின்றே கிடந்தால் டயர் இறுகும், ரப்பர் சீல்கள் காயும், பேட்டரி சாகும். பத்து ஆண்டில் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடியதாகச் சொல்லும் வண்டியைவிட, நெடுஞ்சாலையில் எழுபதாயிரம் ஓடி, ஒவ்வொரு சர்வீஸும் பதிவான வண்டி மேல். முதல் வகையில், மீட்டரே உண்மை சொல்கிறதா என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

எனவே, பழைய சொகுசுக் கார் வாங்கப் போகிறவர்கள் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் சாசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் அதைக் கொடுத்து, தயாரிப்பு மாதம், எஞ்சின் வகை, திரும்ப அழைத்த வேலைகள் முடிந்தனவா, சர்வீஸ் எப்போதெல்லாம் நடந்தது என்று விசாரியுங்கள். இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும், கட்டாமல் கிடக்கும் இ-சலான்களையும் பாருங்கள். சாசி எண்ணைத் தர விற்பவர் தயங்கினால், அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.