ஊர்ப்பேர் சேராத ஆண்டவன்



எங்கள் பெருமாநல்லூரில் பங்குனி வந்தால் கொண்டத்துக்காளியம்மனுக்குக் குண்டம் திருவிழா. தணல் பரப்பிய குண்டத்தில் காலை வைக்கிறவர் "தாயே, காளியம்மா" என்றுதான் கூப்பிடுவார். அதே ஆள், கையிலிருந்த பனியன் ஆர்டர் போய்விட்ட அன்று என்ன சொல்கிறார்? "மேல ஆண்டவன் இருக்கான், பார்த்துக்குவான்." யார் அந்த ஆண்டவன்? பழனி என்ற ஊர்ப்பேரைச் சேர்த்தால் முருகன். ஊர்ப்பேர் சேராமல் நின்றால் அவருக்குக் கோயில் கிடையாது, தேர் கிடையாது, பூசாரி கிடையாது. பள்ளிவாசலுக்குப் போகிறவரும் சர்ச்சுக்குப் போகிறவரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

இப்படி ஓர் ஆண்டவன் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இருக்கிறார். திருப்பூர் காதர்பேட்டைக்குத் துணி எடுக்க வரும் நைஜீரிய வியாபாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாட்டின் பெரிய இனங்களில் ஒன்று யோருபா. அவர்களுடைய முழுமுதற் கடவுளுக்கு ஒலோடுமரே என்று பெயர். ஒலோருன் என்றும் சொல்வார்கள். வானத்தை உடையவர் என்று பொருள்.

அவருக்குக் கீழே ஒரிஷாக்கள் என்ற தெய்வங்கள். இடிக்கு ஷாங்கோ, ஆற்றுக்கு ஓஷுன், இரும்புக்கு ஓகுன். கோயிலும் படையலும் திருவிழாவும் இவர்களுக்குத்தான். கொல்லரும் லாரி ஓட்டுநரும் ஓகுனைக் கும்பிடுகிறார்கள். ஆயுத பூசையன்று கத்தரிக்கோலுக்கும் ஓவர்லாக் மிஷினுக்கும் சந்தனப் பொட்டு வைக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒபாட்டாலா என்ற ஒரிஷாவின் வேலை, களிமண்ணில் மனித உடலை வனைவது. கை, கால், முகம் எல்லாம் வனைந்து வைத்துவிடுவார். உயிர்மூச்சை மட்டும் ஒலோடுமரேதான் தரவேண்டும். அந்த மூச்சை எப்படித்தான் தருகிறார் என்று பார்த்துவிட ஒபாட்டாலாவுக்கு ஆசை. ஒருநாள் தான் வனைந்த உருவங்களுக்கு நடுவே ஒளிந்து படுத்துக்கொண்டார். ஒலோடுமரேக்கா தெரியாது? ஆழ்ந்த தூக்கத்தை அனுப்பிவிட்டார். கண் விழித்தபோது, பக்கத்தில் கிடந்த மண்ணுருவங்கள் எல்லாம் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தன.

இன்னொரு கதையில் 1,700 ஒரிஷாக்கள் கூடிப் பேசி, "உலகத்தை நாங்களே நடத்திக்கொள்கிறோம், 16 வருடம் ஒதுங்கி இருங்கள்" என்று அவரிடம் கேட்கிறார்கள். "முதலில் 16 நாள் நடத்திப் பாருங்கள்" என்கிறார் அவர். மெயின் ஸ்விட்சை அணைத்த கம்பெனி மாதிரி எல்லாம் நின்றுபோயிற்று. மழை இல்லை, ஆறு வற்றியது, கிழங்கு முளைக்கவில்லை. 8 நாளிலேயே தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார்கள்.

கோயில் இல்லாததைப் பார்த்த ஐரோப்பியர் சிலர், படைத்ததோடு விலகிப் போய்விட்ட கடவுள் இவர் என்று எழுதினார்கள். போலாஜி இடோவு என்ற யோருபா அறிஞர், ஒலோடுமரேயின் பெயரிலேயே 1962இல் ஒரு நூல் எழுதி அதை மறுத்தார். நான் இடோவு பக்கம். குண்டம் இறங்காத நாளில், கற்பூரம் ஏற்றாத வீட்டில், ஆஸ்பத்திரி வாசலில் நம் வாய் தானாக "ஆண்டவா" என்கிறதே, அது விலகிப் போனவரைக் கூப்பிடுகிற குரலா?

இன்னொரு சாட்சி, சாமுவேல் அஜாயி குரோதர். 1821இல், சிறுவயதில், அடிமையாகப் பிடித்து விற்கப்பட்ட யோருபாக்காரர். விடுதலை பெற்று, படித்து, 1864இல் ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார். விவிலியத்தை யோருபாவில் தந்த பெரும்பணி அவருடையது. அந்த விவிலியத்தில் கடவுளுக்கு வைத்த சொல், ஒலோருன். யோருபா முஸ்லிம்களும் அந்தச் சொல்லையே வழங்குகிறார்கள். நம் ஆண்டவனைப் போலவே, மூன்று பக்கத்துக்கும் ஒரே பெயர்.

கோயில் இல்லாத அவரை யோருபாக்காரர்கள் பிள்ளைகளின் பெயரில் குடிவைத்திருக்கிறார்கள். ஒலுவஷேயுன் என்று ஆண்பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். ஒலுவ என்றால் ஆண்டவன். ஆண்டவனுக்கு நன்றி என்பது பெயரின் பொருள். வீட்டில் அதைச் சுருக்கி ஷேயுன் என்று கூப்பிடுகிறார்கள். ஆண்டவன் விடுபட்டு, நன்றி மட்டும் நிற்கிறது. விளையாடப் போன பையனைச் சாயங்காலம் சாப்பிடக் கூப்பிடுகிற அம்மா, வாசலில் நின்று அந்த நன்றியைத்தான் தெரு முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.